கழிக்க வேண்டிய நானூற்றைம்பது

காலை ஏழு மணி. அலங்காநல்லூர் முத்துக்கருப்பனின் காளை தொழுவத்தில் செத்துக் கிடந்தது. குளம்புப் புண்ணுக்கு மருந்து கட்ட மயக்க ஊசி போட்டிருந்தார்கள். ஏழு மில்லி உள்ளே போயிருந்தது.

போட்டவன் ஆரப்பாளையத்து மருந்துக்கடைக்காரன் அழகுராஜா. பழியைத் தூக்கிக் கால்நடை மருத்துவர் திவ்யாவின் தலையில் போட்டான்.

“போன மாசம் இவங்க சொல்லிக்குடுத்த சூத்திரம்தான். நெஞ்சுச் சுத்தளவ சென்டிமீட்டர்ல அளந்து அஞ்சால பெருக்கி, நானூத்தம்பதக் கழிச்சா எடை, கிலோவுல. நூறு கிலோவுக்கு ஒரு மில்லி. நான் எதையும் மாத்தல.”

“எங்க காட்டுல களையெடுத்தவ மகள டாக்டருன்னு நம்புனேன் பாரு!” என்றார் முத்துக்கருப்பன்.

திவ்யாவுக்குச் சுருக்கென்றது. வேலை போகலாம்; தலை குனிய முடியாது.

“களையெடுத்தவ மகதாண்ணே. ஆனா மன்னிப்புக் கேக்க மாட்டேன்.”

“அப்ப நிரூபிங்க,” என்றார் புகாரை விசாரிக்க வந்திருந்த இன்ஸ்பெக்டர் நாகஜோதி.

திவ்யா காளையை அளந்தாள். நூற்றெழுபத்தெட்டு சென்டிமீட்டர். எடை நானூற்று நாற்பது கிலோ. நாலரை மில்லிகூட வரவில்லை.

அழகுராஜாவின் பையில் இருந்தது இஞ்சு மட்டும் போட்ட தையல் டேப்பு.

“இஞ்சு அளவ அப்படியே போட்டுட்டானோ?” என்றார் நாகஜோதி.

“எழுபது இஞ்சு மேடம். அஞ்சால பெருக்குனா முந்நூத்தம்பது. அதுல நானூத்தம்பது எப்படிக் கழியும்? ஊசியே போட்டிருக்க முடியாது.” திவ்யா முத்துக்கருப்பன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, வேற மாட்டுக்கும் போட்டானா?”

“போன வாரம் பசுவுக்கு ஆறு, கிடேரிக்கு நாலரை. ரெண்டும் நாள் பூரா எந்திரிக்கல.”

இரண்டையும் அளந்தாள். பசுவுக்கு மூன்றேகால், கிடேரிக்கு இரண்டுக்கும் குறைவாகத்தான் போட்டிருக்க வேண்டும்.

“பெருக்குறது தப்புன்னா பெரிய மாட்டுக்குத் தப்பும் பெருசா இருக்கும். இங்க பெருசு, சிறுசு எல்லாத்துக்கும் ஏறக்குறைய ரெண்டே முக்கால் மில்லி கூடியிருக்கு. அப்ப கழிக்கிறதுலதான் கோளாறு. சூத்திரத்த இஞ்சுக்கு மாத்துனது அழகுராஜாதான். ஒரு இஞ்சுக்கு ரெண்டு புள்ளி அஞ்சு நாலு சென்டிமீட்டர்; அதால பெருக்குனா அஞ்சு பன்னெண்டே முக்காலுக்குப் பக்கமா ஆகணும், சரியாத்தான் மாத்திருக்கான். ஆனா நானூத்தம்பதையும் சென்டிமீட்டருன்னு நெனச்சு அதே எண்ணால வகுத்து நூத்தி எழுபத்தேழாக்கிட்டான். அது கிலோ! இஞ்சுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

நாகஜோதி கையை நீட்டினார். அழகுராஜாவின் போனில் அதே கணக்கு இருந்தது: நூற்று எழுபத்தேழு.

முத்துக்கருப்பன் தொண்டையைச் செருமினார். “விட்டுரு தாயி. தெரியாமச் செஞ்சிட்டான்.”

“தெரியாமச் செஞ்சான், சரி. தெரிஞ்சேதான என் தலையில போட்டான்? நான் செஞ்சேன்னு நெனச்சப்ப என்னைய விட்டீங்களாண்ணே?”

அழகுராஜாவை ஜீப்பில் ஏறச் சொன்னார் நாகஜோதி.