செவ்வாய்க்கிழமை அணையாத விளக்கு

புதன்கிழமை காலை ரவாங்கில் ரமணியின் வீட்டுக்கு வந்த குமரவேல், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே புகாரைத் தொடங்கிவிட்டார்.

"அக்கா, என் வாட்ச்மேன் திருடனுங்களுக்கு சிக்னல் கொடுக்கிறாரு. அவரோட கூட்டாளி யாருன்னு எனக்குத் தெரியணும். நீங்கதான் வந்து பாக்கணும்."

ரமணி முப்பது வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எரிந்துபோன கடையையும் காணாமல்போன சரக்கையும் நேரில் போய்ப் பார்த்து, தற்செயலா, யாராவது வேண்டுமென்றே செய்ததா என்று கண்டு சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பழைய ஆட்கள் தேடி வந்தார்கள். அவருடைய கணவர் அர்ஜுனன் பள்ளி வேன் ஓட்டி ஓய்ந்தவர். மனைவிக்கு உதவியாளராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டவர். சம்பளம் கேட்டதில்லை, கருத்துச் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

"உக்காருங்க தம்பி. முதல்லேருந்து சொல்லுங்க," என்றார் ரமணி.

கோலசிலாங்கூரில் ஆற்றை ஒட்டி குமரவேலுக்குச் சின்னதாக, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றும், அதன் முகப்பில் ஓர் உரக்கிடங்கும் இருந்தன. அவர் குடும்பம் டவுனில். கிடங்குக்குப் பின்னால் உள்ள ஓர் அறையில் காவலாளி அப்பளசாமி ஆறு வருடமாகத் தங்கியிருந்தார். அறுபத்து நாலு வயது. அந்த அறையை விட்டால் அவருக்கு வேறு வீடு கிடையாது. மூன்று மாதத்துக்கு முன் அவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில், யாரோ படகில் வந்து செம்பனைக் குலைகளை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். உடனே குமரவேல் கிடங்கின் முன்னால் உயரமான கம்பம் நட்டு, அதன் தலையில் பெரிய விளக்கொன்றைப் பொருத்தினார். இருட்டினால் தானாக எரியும், வெளிச்சம் வந்தால் தானாக அணையும்.

"ரெண்டு மாசம் நல்லா எரிஞ்சிச்சு. இப்ப மூணு வாரமா விட்டு விட்டு எரியுதுக்கா. வயர்மேன் பகல்ல வந்து பாத்தாரு, ஒண்ணும் இல்லன்னாரு. லைட்டையே புதுசா மாத்தினேன், அதுவும் அப்படியேதான். சுவிட்ச் பெட்டி பின் சுவத்துல பூட்டி இருக்கு. சாவி எங்கிட்ட ஒண்ணு, அப்பளசாமிகிட்ட ஒண்ணு."

"எல்லா நாளும் இப்படியா?"

"அதுதான் விஷயமே. செவ்வாய்க்கிழமை மட்டும் ஒழுங்கா எரியுது. செவ்வாய்க்கிழமை அவருக்கு லீவு."

அர்ஜுனன் தொடையில் தட்டினார். "கேஸ் முடிஞ்சிச்சு லா. ஆளு இருந்தா அணையுது, ஆளு இல்லன்னா எரியுது."

ரமணி அவரைக் கண்டுகொள்ளவில்லை. "செவ்வாய்க்கிழமை லீவு அவரா கேட்டாரா?"

"இல்லக்கா, நான்தான் கொடுத்தேன். எதிர் வீட்டு செல்லையா செகிஞ்சான்ல அரிசி லோரி ஓட்டுறாரு. செவ்வாய் ராத்திரி மட்டும் வீட்டுக்கு வருவாரு, லோரிய ஸ்டோருக்கும் அவரு வீட்டுக்கும் நடுவுல போட்டிருவாரு. ஆளு நடமாட்டம் இருக்கு, அன்னைக்கு எதுக்குக் காவல்னு விட்டேன்."

குமரவேல் கைப்பேசியில் கேமராப் பதிவைக் காட்டினார். கிடங்கின் வாசல் பளிச்சென்று தெரிந்தது, பிறகு இருண்டது, மறுபடி பளிச்சிட்டது. அர்ஜுனன் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். எரிவது நாற்பது விநாடி, அணைந்திருப்பது இரண்டு நிமிடம். ஒரு மணி நேரப் பதிவிலும் அதே கணக்குதான்.

"ரகசியக் குறியீடு," என்றார் அர்ஜுனன் மெதுவாக.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு நானே போய் நின்னேன்," என்றார் குமரவேல். "லைட் அணைஞ்சிருக்கு. இவரு ஆத்தங்கரையில இருட்டுல நிக்கிறாரு. என்ன பண்றீங்கன்னு கேட்டா, சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொல்றாரு. இருட்டுல ஆத்த யாராச்சும் சும்மா பாப்பாங்களா? வியாழக்கிழமை காலைல ரூம காலி பண்ணிடணும், நான் போலீஸ்ல ரிப்போர்ட் செய்யப் போறேன்னு சொல்லிட்டேன்."

"அப்ப நமக்கு இன்னைக்கு ஒரு சாயங்காலந்தான் இருக்கு," என்று ரமணி எழுந்தார்.

ஐந்து மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் உறைத்தது. கிடங்குக்கும் எதிர் வீட்டுக்கும் நடுவில் ஒரு லோரி நிற்கும் அளவுக்குச் செம்மண் பாதை. செல்லையாவின் மனைவி லோகேஸ்வரி கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். குமரவேலின் பெயரைக் கேட்டதும் முகம் சுருங்கியது, ஆனாலும் மைலோ கலக்கிக் கொடுத்தார்.

"அந்த லைட்டு நேரா எங்க ரூம் ஜன்னல்ல அடிக்குதுக்கா. பிள்ள ரெண்டு மாசமா தூங்கல. ரெண்டு தடவ சொல்லிட்டேன், திருப்புறேன் திருப்புறேன்னாரு. எங்க திருப்பினாரு?"

"இப்ப பரவாயில்லையா?"

"இப்ப அணைஞ்சு அணைஞ்சு எரியுது. கொஞ்சம் தூங்குறான்."

அர்ஜுனன் வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவப் பார்த்தார். நல்ல அகலமான கண்ணாடி, கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் மூலையில் இருந்தது. எக்கிப் பார்த்தார், பின்னால் நகர்ந்தும் பார்த்தார். அவர் முகம் அதில் தெரியவே இல்லை. கம்பத்தின் உச்சியில் இருந்த விளக்குதான் தெரிந்தது.

"என்ன கண்ணாடி இது, முடிகூட சீவ முடியல," என்று சீப்பைப் பையில் போட்டுக்கொண்டார்.

லோகேஸ்வரி குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தார். ரமணி கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். மைலோவைக் குடித்து முடித்து நன்றி சொல்லிவிட்டுப் பாதையைக் கடந்தார்.

அப்பளசாமியின் அறையில் துணிப்பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை. திருடன் என்று சொல்லிவிட்டார்களே என்ற வெட்கம் மட்டும் முகத்தில் இருந்தது. அதைப் பார்க்க ரமணிக்கு மனம் கேட்கவில்லை.

"ஆத்தங்கரையில என்னண்ணே பாத்தீங்க?"

"சொன்னா நம்ப மாட்டாங்கம்மா. இருட்டட்டும், நீங்களே பாருங்க."

ஏழே முக்காலுக்கு எல்லோரும் பாதையில் கூடினார்கள். ரமணி இரண்டு சாவியையும் வாங்கித் தம் கைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பளசாமியைக் குமரவேலின் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார். லோகேஸ்வரி குழந்தையோடு தன் வாசற்படியில் நின்றார். விளக்கு தானாக எரிந்தது. பாதை, கிடங்கு, எதிர் வீடு எல்லாம் வெள்ளைவெளேரென்று ஆயின.

நாற்பது விநாடியில் அது அணைந்தது.

"யாரும் தொடல," என்றார் அர்ஜுனன். குமரவேல் அப்பளசாமியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி எரியட்டும்," என்ற ரமணி கணவரின் தோளில் இருந்த துண்டைக் கேட்டு வாங்கினார். லோகேஸ்வரியிடம் கண்ணால் அனுமதி கேட்டு, ஒரு நாற்காலியில் ஏறி அந்தக் கண்ணாடியின்மேல் துண்டைப் போட்டார். இரண்டு நிமிடத்தில் விளக்கு எரிந்தது. நாற்பது விநாடி போனது, ஒரு நிமிடம் போனது, ஐந்து நிமிடமும் போனது. விளக்கு அணையவில்லை. துண்டை எடுத்தார். நாற்பது விநாடியில் அணைந்தது.

"இந்த லைட்டுக்கு வெளிச்சம் பாக்குற ஒரு கண்ணு இருக்கு," என்றார் ரமணி. "வெளிச்சம் பட்டா, விடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு அணைச்சிடும். இது அடிக்கிற வெளிச்சம் கண்ணாடியில பட்டு இதும்மேலேயே திரும்புது. அணைச்சதும் இருட்டு, அதனால மறுபடி எரியுது. மனுஷன் கையால மணிக்கணக்கா இப்படிப் பிசகாம அணைச்சு ஏத்த முடியாது தம்பி. பதிவப் பாத்தப்பவே எனக்கு அது உறுத்திச்சு."

"அப்ப செவ்வாய்க்கிழமை?"

"நடுவுல லோரி நிக்குது. வெளிச்சம் கண்ணாடிக்குப் போகாது. லோரி நிக்கிறதாலதான் நீங்க லீவு கொடுத்தீங்க, அதே லோரியாலதான் விளக்கும் அணையல. ரெண்டையும் சேத்து ஒரு மனுஷனத் திருடனாக்கிட்டீங்க. பகல்ல லைட்டு எரியாது, அதனால வயர்மேனுக்கும் ஒண்ணும் தெரியல."

"கண்ணாடிய ஏன் அப்படி வானத்தப் பாத்து மாட்டணும்?" என்று குமரவேல் கேட்டார்.

லோகேஸ்வரி படியிலிருந்து ஓர் அடி இறங்கி வந்தார். "திருஷ்டிக்கு மாட்டினேண்ணே. லைட்டு வந்ததுலேருந்து பிள்ளைக்கு ஒண்ணு மாத்தி ஒண்ணு. உங்க கண்ணுதான் படுதுன்னு நினைச்சேன். வர்றது வந்த வழியே திரும்பட்டும்னு நேரா அதைப் பாத்தாப்ல வச்சேன். மூணு வாரம் ஆச்சு. லைட்டு அதனால அணையுதுன்னு சத்தியமா தெரியாது. யாருக்கு மாட்டினோமோ அவங்ககிட்ட போய் எப்படிச் சொல்றது?"

"எனக்கா திருஷ்டிக் கண்ணாடி?" என்றார் குமரவேல். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்கே விளங்கவில்லை. பிறகு அந்தக் கருவளையத்தைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். "திருப்பியிருக்கணும். ரெண்டு தடவ சொன்னீங்க."

அர்ஜுனனுக்கு ஒன்று மிச்சம் இருந்தது. "எல்லாம் சரி. இவரு கரையில எதைப் பாத்தாரு?"

"அது எனக்கும் தெரியாது," என்றார் ரமணி. குமரவேலிடம் சாவியைக் கொடுத்தார். "முழுசா அணைங்க தம்பி. அண்ணன் நம்மளக் கூட்டிட்டுப் போவாரு."

சுவிட்ச் விழுந்தது. இருட்டு ஒரேயடியாக வந்து மூடியது. அப்பளசாமி முன்னால் நடந்தார், மற்றவர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி கிடங்கைச் சுற்றிக் கரைக்கு வந்தார்கள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு கரையோரம் நின்ற ஒரு பெரெம்பாங் மரத்தின் கிளையில் பொட்டுப் பொட்டாக நாலைந்து மின்மினிகள் கண்ணைத் திறந்தன. பக்கத்துக் கிளையில் பத்து. கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பக்கமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தவை எப்போது ஒன்று சேர்ந்தன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மரம் முழுவதும் ஒரே நொடியில் எரிந்து, ஒரே நொடியில் அணைந்தது. அதற்கு அடுத்த மரமும் அப்படியே. வளைவு வரைக்கும் இருந்த அத்தனை மரங்களும் ஒரே மூச்சில் எரிந்து அணைந்தன, கீழே ஆறும் கூடவே எரிந்து அணைந்தது. இத்தனை ஆயிரம் பூச்சிக்கு யார் தாளம் சொல்லிக்கொடுத்தது என்று ரமணி நினைத்தார். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பது வருடமாக எதற்கும் காரணம் தேடிய மனம், இதற்குத் தேடாமல் சும்மா நின்றது. அர்ஜுனன் கருத்து எதுவும் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அது முதல் தடவை.

"காசு கொடுத்துப் படகுல போய்ப் பாக்குறது இதைத்தானே," என்று குமரவேல் கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "கொசுவுக்குப் பயந்து நான் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போயிடுவேன். எத்தன நாளாண்ணே இது இங்க இருக்கு?"

"நீங்க லைட்டு போடுற வரைக்கும் எல்லா நாளும் இருந்துச்சு முதலாளி. அப்புறம் ஒண்ணுமே இல்ல. இந்த மூணு வாரமா அந்த ரெண்டு நிமிஷத்துல கொஞ்சம் கொஞ்சம் வந்துச்சு. அதான் ஓடி ஓடி வந்து பாத்தேன்."

"லைட்டு இல்லாம எப்படிக் காவல் பாப்பீங்க?"

"அதுங்கதான் காவல்," என்றார் அப்பளசாமி. "படகுல ஒருத்தன் டார்ச் அடிச்சான்னா அந்த மரம் மட்டும் சட்டுனு அணைஞ்சிடும். எங்க இருட்டோ அங்க ஆளு. ஆறு வருஷமா அப்படித்தான் பாத்தேன். லைட்டு போட்டதுக்கப்புறம் ஆறே எனக்குத் தெரியல."

குமரவேல் அப்பளசாமியின் பக்கம் திரும்பினார். மரங்கள் எரிந்து அணையும்போதெல்லாம் அவர் முகம் ஈரமாகத் தெரிந்து மறைந்தது. "தப்பு பண்ணிட்டேண்ணே," என்றார். அப்பளசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

குமரவேல் திரும்பி நின்று, வெளிச்சம் தெரியாமல் கைப்பேசியைச் சட்டைக்குள் வைத்து மனைவியை அழைத்தார்.

"பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு இப்பவே தோட்டத்துக்கு வா. இல்ல, ஒண்ணும் ஆகல, வா. கார் லைட்ட முனையிலேயே அணைச்சிடு. பயப்படாத, அப்பளசாமி அண்ணன் வந்து கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வருவாரு."