புள்ளி காணாமல் போன பத்து விநாடி

வில்மா ஸ்ட்ராண்டின் கழுத்தைக் கறுப்புக் கேபிள் ஒன்று மூன்று சுற்று சுற்றியிருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப் போயிருந்தாள்.

காலை ஒன்பது ஐந்து. கையில் தபால்களோடு உள்ளே போன ரிசப்ஷன் பெண் போட்ட அலறலில், மூன்றாவது மாடி முழுக்க ஹெட்போனைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றது.

வெளியே மழை. வான்கூவரில் இதையெல்லாம் ஒரு செய்தியாகச் சொல்லக் கூடாது.

ஹாலோ பைன் என்பது சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்யும் கம்பெனி. பறக்கிற ஆளின் முதுகில் உள்ள கம்பியை அழிப்பார்கள், இல்லாத ஊரைக் கட்டிக் கொளுத்துவார்கள். இங்கே யாரை எடுப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிற மகராசி வில்மாதான். வேலை கேட்டு வருகிறவர்கள் தாங்கள் செய்த ஷாட்டுகளைக் கோத்து மூன்று நிமிஷ ரீல் ஒன்றை அனுப்புவார்கள். அவள் மாம்பழம் வாங்குகிறவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

மாடியில் மொத்தம் அறுபது பேர். அறுபது பேருக்கும் அவள் மேல் ஏதோ ஒரு மனத்தாங்கல்.

ஆனால் கேமராவில் சிக்கியது ஒருத்திதான்.

டாரா கொவால்ச்சுக். இருபத்திரண்டு வயது. சாஸ்கச்சுவானில் மூஸ் ஜா என்ற ஊரிலிருந்து வந்தவள். இங்கே மூன்று பேர் சேர்ந்து எடுத்த அடித்தள வீட்டில், துணி அலமாரிக்கு விட்ட இடத்தில் மெத்தை போட்டுப் படுக்கிறாள். ஜன்னல் கிடையாது. கேட்டால், "திரை நல்லாத் தெரியும்ல" என்பாள். வரும் வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு மூன்று மாதத் தற்காலிகம் முடிகிறது. வேலை உறுதியானால் இந்த ஊர். இல்லாவிட்டால் மூஸ் ஜா, "நான் அப்பவே சொன்னேன்" என்று வாசலில் நிற்கிற அம்மா.

சார்ஜென்ட் இவெட் லாரோஷ் அவளை மீட்டிங் ரூமில் உட்கார வைத்தாள். ஐம்பது வயது, நனைந்த ஷூ, அவசரமே இல்லாத கண்கள். லேப்டாப்பைத் திருப்பினாள்.

"இது நீதானேம்மா?"

வில்மாவின் அறைக்குப் போகிற நடைபாதை. ஒரு பக்கம் சுவரில் சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர். மறுபக்கம் நீளக் கண்ணாடி ஜன்னல், அதில் மழை வழிகிறது. வருகிறவர்களின் ஷூக்களால் தரை முழுக்க ஈரம். அந்த ஈரத்தில் நடந்து போவது சாட்சாத் டாராவேதான்.

"எட்டு நாப்பதுக்கு உள்ள போற. எட்டு நாப்பத்தாறுக்கு வெளிய வர்ற. அதுக்கப்புறம் ஒன்பது அஞ்சு வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு ஈ கூடப் போகல."

"நான் வரும்போது அவங்க உயிரோட இருந்தாங்க மேடம்."

"எல்லாரும் அங்கேருந்துதான் ஆரம்பிப்பாங்க. வெளிய வரும்போது முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

வேலை உறுதியாகுமா என்று கேட்கப் போனதாகவும், வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று வில்மா சொல்லிவிட்டதாகவும், அந்தப் பயம்தான் முகத்தில் என்றும் டாரா சொன்னாள். நியாயமாகத்தான் இருந்தது. சார்ஜென்ட் எழுதிக்கொண்டாள்.

இந்தப் பதிவு எங்கிருந்து கிடைத்தது என்று டாரா கேட்டாள். கம்பெனியின் பொதுச் சேமிப்பிலிருந்து, பகல் ஒரு மணிக்குத்தான் எடுத்தோம் என்றாள் சார்ஜென்ட். பொதுச் சேமிப்பு என்றால் அறுபது பேரும் திறக்கலாம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை... நாலு மணி நேரம்.

"இன்னொரு தடவை போடுங்க மேடம். நான் வெளிய வந்தப்புறம்."

ஓடியது. காலி நடைபாதை. மழை. சிலிண்டர்.

டாரா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"நிறுத்துங்க. எட்டு அம்பது. சிலிண்டருக்கு இடது பக்கம் பாருங்க. புள்ளி எங்க?"

"என்ன புள்ளி?"

விஷயம் இதுதான். அந்தக் கேமராவில் ஒரு புள்ளி செத்துப் போய்விட்டது. படத்தில் அந்த இடம் மட்டும் கடுகளவு வெள்ளையாக எரிந்துகொண்டே இருக்கும். மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார்கள். ஏனென்றால் ஹாலோ பைனில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதுதான் காதுகுத்து. முதல் வாரம் அந்தக் கேமராவின் துண்டுப் படம் ஒன்றைக் கொடுத்து, எண்ணூறு ஃப்ரேமிலும் புள்ளியைக் கையாலேயே அழிக்கச் சொல்வார்கள். முடித்தவர்களுக்கு ஒரு டோனட். டாராவுக்குக் கிடைத்தது மேப்பிள் பூசியது.

"எண்ணூறு தடவை பார்த்திருக்கேன் மேடம். கண்ண மூடினாலும் தெரியும். பாருங்க, எட்டு நாப்பத்தொம்பதுல புள்ளி இருக்கு. எட்டு அம்பதுல பத்து விநாடி இல்ல. அப்புறம் இருக்கு. எட்டு அம்பத்தஞ்சுல மறுபடி பத்து விநாடி இல்ல."

சார்ஜென்ட் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். நிஜம்தான்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"யாரோ உள்ள போயிருக்காங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு வெளிய வந்திருக்காங்க. அப்புறம் அந்தப் பத்துப் பத்து விநாடியிலேருந்து தன்னை அழிச்சிருக்காங்க. ஆள மட்டும் அழிச்சிட்டு விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா கை நிக்கல. புள்ளியப் பார்த்ததும் பழக்கத்துல அதையும் துடைச்சு விட்டுட்டாங்க."

"யாரு?"

"இந்த மாடியில எல்லாருக்குமே அந்தக் கைதான் மேடம்."

அறுபது பேர். அறுபது சுத்தக்காரர்கள். சார்ஜென்ட் பேனாவை மூடினாள். இதை டாராவே செய்திருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் நினைத்தாள். சும்மா சொல்லக் கூடாது, சரியான பொம்பளை.

டாரா ஒரே ஒரு உதவி கேட்டாள். நாளைக் காலை டெய்லீஸில் இதைப் போட வேண்டும்.

டெய்லீஸ் என்றால் தினமும் காலை ஒன்பதரைக்கு நடக்கிற பஞ்சாயத்து. சின்னத் திரையரங்கில் எல்லோரும் சோபாக்களில் சாய்ந்துகொண்டு, முந்தின நாள் செய்த ஷாட்டுகளைப் போட்டுப் பார்த்துக் குறை சொல்வார்கள். நடுநாயகமாக கரேத் பெண்ட்ரி உட்காருவார். இந்த அழிப்பு வேலைகளுக்கெல்லாம் தலைவர். நாற்பத்தைந்து வயது, நரைத்த தாடி. அடுத்த மாதம் கம்பெனியின் கலைப்பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வரப் போவதாகப் பேச்சு. நல்ல மனுஷன். அன்றைக்குச் சாயங்காலம்கூட டாராவின் தோளைத் தட்டி, பயப்படாதே, நல்ல வக்கீலாகப் பார்த்து வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தற்காலிகப் பிள்ளைகள் டெய்லீஸில் வாய் திறக்க மாட்டார்கள். மூன்று மாதமாக டாராவும் பின்வரிசையில் தும்மக்கூட இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை, விளக்கு அணைந்தது. திரையில் நடைபாதை வந்தது.

சார்ஜென்ட் சுவர் ஓரமாக நின்றாள். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள். பின்வரிசையிலிருந்து டாரா எழுந்தாள்.

"இந்தப் பத்து விநாடியில யாரையோ அழிச்சிருக்காங்க," என்றாள். "வேலை ரொம்ப மட்டம்."

சோபாக்கள் திரும்பின.

"விளிம்பெல்லாம் துடிக்குது. ஜன்னல்ல மழை ஒரு இடத்துல ஒட்டு போட்ட மாதிரி நிக்குது. யாரோ கத்துக்குட்டி பண்ணது. நான் முதல் வாரத்துல இதைவிட நல்லாப் பண்ணேன்."

பச்சைப் பொய். எதுவும் துடிக்கவில்லை, எதுவும் ஒட்டவில்லை. தலைமுடியைப் பிரித்துப் பார்த்தாலும் தெரியாத வேலை. அறுபது பேருக்கும் அது தெரிந்தது. ஐம்பத்தெட்டு பேர், பயந்த பெண் உளறுகிறது என்று பேசாமல் இருந்தார்கள்.

"எங்க துடிக்குது?"

கரேத்.

"இடது பக்கம்," என்றாள் டாரா.

"துடிக்கல. ஃப்ரேம் ஃப்ரேமாப் போடு. எங்கயும் துடிக்கல. மழைத் தாரை ஒவ்வொண்ணும் தனித்தனியா வரைஞ்சிருக்கு, கண்ணு தெரியலியா?"

"தரையும் மோசம்தான். ஆளை எடுத்தவங்க நிழலை மறந்துட்டாங்க."

"மறந்தாங்களா?" கரேத் எழுந்தே விட்டார். கையிலிருந்த லேசரின் சிவப்புப் பொட்டு திரையில் அங்கும் இங்கும் ஓடியது. "இங்க பாரு... ஈரத் தரையில விழுந்த மஞ்சளக்கூட ஒரு இழை மிச்சமில்லாம எடுத்திருக்கு. கத்துக்குட்டியால இது முடியுமா?"



சார்ஜென்ட் லாரோஷ் விளக்கைப் போட்டாள்.

"மஞ்சளா? திரையில எங்கயும் மஞ்சளே இல்லையே, மிஸ்டர் பெண்ட்ரி."

லேசர் பொட்டு திரையில் அப்படியே நின்றது.

அவருடைய மஞ்சள் மழைக்கோட்டு அவர் அறை வாசல் கொக்கியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றும் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். முப்பது பேர் பார்த்திருந்தார்கள்.

பிறகு அவர் மறைக்கவில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் மான்ட்ரியாலில் கரேத் அனுப்பிய முதல் ரீலில் ஒரு பாலம் இடிந்து விழும். அந்த ஷாட்தான் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, பேரும் வாங்கிக் கொடுத்தது. அது அவர் செய்ததில்லை. பக்கத்து நாற்காலிக்காரன் செய்தது. புதிய பதவிக்காகப் பழைய ரீல்களையெல்லாம் தோண்டிய வில்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கூப்பிட்டுக் கேட்டாள். அவர் கைக்குப் பக்கத்தில் டேப்லெட் கேபிள் கிடந்தது.

கையில் விலங்கோடு லிஃப்ட்டுக்குப் போகும்போதும் கரேத் ஒருமுறை திரும்பி, நிஜமாகவே துடித்ததா என்று டாராவைக் கேட்டார்.

"இல்ல. ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள் அவள்.

கம்பெனி முதலாளி ஹெலன் ஸ்டாவ்ரோ வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்றைக்கே வேலை உறுதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, எல்லோர் முன்னாலும் டாராவிடம் கொடுத்தாள். கை தட்டினார்கள். ஜன்னல் உள்ள வீடாகப் பார் என்றுகூட யாரோ சொன்னார்கள்.

கைதட்டல் அடங்கியதும் சார்ஜென்ட் அவளை மாடிப்படிப் பக்கம் தனியாக அழைத்தாள். சற்று முன் கரேத்தின் மேஜையில் கிடைத்த வில்மாவின் சின்ன நோட்டைப் பையிலிருந்து எடுத்தாள்.

"திங்கட்கிழமை பக்கத்துல ரெண்டு பேர் இருக்கு. எட்டு அம்பதுக்கு கரேத். பாலம்னு எழுதியிருக்கா."

சார்ஜென்ட் விரலை ஒரு வரி மேலே நகர்த்தினாள்.

"எட்டு நாப்பதுக்கு நீ. மூணாவது ஷாட், எரியற பஸ். 'இவ செஞ்சதில்ல'ன்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கா."



"காலேஜ்ல கூடப் படிச்ச பொண்ணு பண்ணது," என்றாள் டாரா. "என்னோடதெல்லாம் கம்பி அழிக்கறது, கம்பம் அழிக்கறது. நல்லா அழிச்சா ஒண்ணுமே தெரியாது. ஒண்ணுமே தெரியாததக் காட்டினா யாரு மேடம் வேலை தருவாங்க?"

"என்கிட்டப் பொய் சொன்ன."

"ஆமா."

"கொலை முடிஞ்சுது. ரீல்ல யாரோட பஸ் எரிஞ்சுதுங்கறது என் கேஸ் இல்ல. நானா யாருக்கும் வாசிச்சுக் காட்ட மாட்டேன்." நோட்டு மறுபடி பைக்குள் போனது.

வேறு யாராவது என்றால், நானோ நீங்களோ என்றால், கடிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு சாப்பிடப் போயிருப்போம். டாரா படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினாள். நகத்தைக் கடித்தாள். பிறகு நேராக ஹெலனின் அறைக்குப் போய்க் கடிதத்தை மேஜை மேல் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

ஹெலன் கடிதத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதை ஏன் இப்ப சொல்ற?"

"பதினஞ்சு வருஷம் கழிச்சு நானும் ஒரு கேபிளத் தேட வேண்டாம்னு பார்க்கறேன்."

ரீல் பொய்யென்றால் வேலை இல்லை என்பது ஹாலோ பைனின் விதி. விதி போட்டவள் செத்த மறுநாளே அதை மீற ஹெலனுக்கு மனசு வரவில்லை. கடிதத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சொந்தமாகச் செய்ததை மட்டும் கோத்து, ஆறு மாதம் கழித்து அனுப்பு, நானே பார்க்கிறேன் என்றாள்.

டாரா தன் காபி மக்கையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். வாசலில் சார்ஜென்ட் காரைத் திறந்துகொண்டிருந்தாள். டாரா ஓடினாள்.

"மேடம்... அந்த நடைபாதைப் படத்துல காணாமப் போனதக் கண்டுபிடிச்சது மட்டும் முழுக்க முழுக்க நான் செஞ்சது. அதை என் ரீல்ல போட்டுக்கலாமா?"

"கோர்ட் சாட்சியம்மா அது. தீர்ப்பு வர்ற வரைக்கும் ஒரு ஃப்ரேம் வெளிய போகக் கூடாது."

டாரா பெருமூச்சு விட்டாள். "எல்லாப் படத்துலயும் இதே தொல்லைதான். ரிலீஸ் ஆகாம யாருக்கும் காட்டக் கூடாதும்பாங்க. தேதியாவது சொல்லுங்க மேடம்."

சார்ஜென்ட் காரைக் கிளப்பினாள்.

"எங்கேருந்தும்மா சொல்றது? ஹீரோவுக்கே இன்னும் வக்கீல் புக் ஆகல."