ஆள் புழங்கிய கப்பல்

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் இருந்தவர்கள்: மரியஅந்தோணி, அவனுடைய அக்கா லூர்துசெல்வி, குழந்தைவேல். அவர்களோடு வேலை செய்த ஐயாக்கண்ணு இல்லை. பெங்களூரில் வேலை கிடைத்து அவன் ஆடி மாதமே போய்விட்டதாக அந்தோணி சொல்லியிருந்தான். வேறு யாரும் அந்த மேட்டுக்கு வருவதில்லை.

அதனால்தான் அந்தக் கறை குழந்தைவேலை உறுத்தியது.

கறை வீட்டுச் சுவரில் இல்லை. கம்ப்யூட்டர் திரையில், ஒரு விண்கலத்தின் நடைவழியில் இருந்தது. இடது பக்கச் சுவரில் இடுப்புக்குச் சற்று மேலே, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒரு நீளக் கோடு. யாரோ மாதக்கணக்கில் அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தது மாதிரி. அந்த நடைவழியை அவனும் ஐயாக்கண்ணுவும்தான் செய்தார்கள். ஒவ்வொரு தகடும், ஒவ்வொரு திருகாணியும் அவர்கள் வைத்தது. இந்தக் கோட்டை அவர்கள் வைக்கவில்லை.

தொண்ணூற்றாறில் இப்படி ஒரு வேலை இருப்பதே ஏற்காட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. வெளிநாட்டில் வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்று விண்கலங்களின் உட்புறங்களைப் படமாகக் கேட்டது. அந்தோணி எப்படியோ அந்த ஆர்டரைப் பிடித்தான். ஒண்டிக்கடை முக்குக்கு மேலே, காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் இருந்த பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, காப்பிக்கொட்டை போட்டு வைத்திருந்த கிடங்கில் இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்தான். கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. கனத்த சுவர், தகரம் அடித்த ஒற்றைக் கதவு. கொட்டை போய்ப் பல வருஷமாகியும் அந்தப் புளித்த வாசனை சுவரை விட்டுப் போகவில்லை. மழைநாளில் அது எழுந்து வந்து மூக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தோணியும் குழந்தைவேலும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்தோணி கூப்பிட்டதும் குழந்தைவேல் சேலம் பாலிடெக்னிக்கை அப்படியே விட்டுவிட்டு மலை ஏறினான். சொந்த ஊர் கரடியூரில் அவனுடைய அப்பா அதற்கப்புறம் அவனோடு பேசவில்லை. அவன் நம்பிய ஆள் அந்தோணி ஒருவன்தான்.

முதல் கப்பலின் படங்களைக் கம்பெனி மூன்று தடவை திருப்பி அனுப்பியது. அழகாக இருக்கிறது, ஆனால் ஆள் புழங்குகிற இடமாகத் தெரியவில்லை என்றது. கீறல் போட்டார்கள், தூசி போட்டார்கள். பொய்யாகத்தான் இருந்தது. பிறகு ஐயாக்கண்ணு போனான். கடைசிப் படங்களை அந்தோணி தனியாக முடித்து அனுப்பினான். கம்பெனி கொண்டாடியது. இரண்டாவது கப்பலும் அதே மாதிரி வேண்டும் என்றது. அதற்காகத்தான் குழந்தைவேல் இன்று அந்தக் கடைசிப் படங்களை முதல் தடவையாகத் திறந்து பார்த்தான்.

"இந்தக் கறையை யார்ரா போட்டது?"

அந்தோணி அடுத்த மெஷினில் இருந்து திரும்பவில்லை. "நான்தான்."

"நீயா? உனக்கு ஒரு கோடு நேரா போட வராதே."

"மூணு அரியர் வெச்சவன் விண்கலத்துக்கு வயரிங் பண்றப்போ, நான் கறை போடக் கூடாதா?"

சிரித்தார்கள். குழந்தைவேலின் சிரிப்பு முதலில் நின்றது. ஐயாக்கண்ணுவுக்குச் சிறுவயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியிருந்தது. நடக்கும்போது இடது கையால் சுவரைப் பிடித்துக்கொள்வான். குழந்தைவேல் எழுந்து கதவோரம் போனான். கிடங்கின் சுண்ணாம்புச் சுவரில், இடுப்புக்குச் சற்று மேலே, அதே பிசுக்குக் கோடு இருந்தது. அதே உயரம்.

போன மாதம் ஐயாக்கண்ணுவின் அம்மா காமாட்சி கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. "ஒரு கடுதாசி போடலீங்களே சாமி. அப்படிப்பட்ட பையன் இல்லீங்க அவன்." அந்தோணி அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டான்.

செல்வி சோற்றுத் தட்டோடு வந்தாள். அக்குளில் ஒரு பொட்டலம்.

"சாப்பிடு கண்ணு. கோழி வெச்சிருக்கேன்."

"ஏனுங்க்கா, இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. நீ நொம்ப எளச்சுட்ட."

பொட்டலத்தில் நீலக் கட்டம் போட்ட புதுச் சட்டை இருந்தது. கிறிஸ்துமஸுக்குத் தைத்துத் தருகிறேன் என்று போன வாரம் டேப் வைத்து அளவெடுத்திருந்தாள். தோள், மார்பு என்று எடுத்தவள், முழங்காலிலிருந்து கணுக்கால், உள்ளங்கை அகலம், தலைச் சுற்றளவு என்று போய்க்கொண்டே இருந்தாள். சட்டைக்குத் தலை அளவு எதுக்குங்க என்று கேட்டதற்கு, ரெட்டைச் சுழிக்காரன் பேசாம இரு, உனக்கு ரெண்டு பொண்டாட்டி வருவாங்க என்று உச்சந்தலையில் தட்டினாள்.

"கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் கெடக்குதேங்க்கா."

"இன்னைக்கே போட்டுக்க."

போட்டுக்கொண்டான். கச்சிதமாக இருந்தது. அவள் காலர் பொத்தானைப் போட்டுவிட்டாள். விரல்கள் ஈரமாக, வெங்காய வாசனையோடு இருந்தன. தட்டை எடுக்காமலே போய்விட்டாள்.

அந்தோணி இரண்டாவது கப்பலின் படத்தை ஓடவிட்டான். எந்த விளக்கின் வெளிச்சம் எங்கே விழும், எதில் பட்டுத் திரும்பும் என்று மெஷின் கணக்குப் போட்டுப் போட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக வரையும்.

"பார்த்துக்க. எழுந்திரிக்காத. கரண்ட் ஆடுனா குரல் குடு."

"எங்க போற?"

"இங்கதான் இருக்கேன்."

கதவு லேசாகச் சாத்திக்கொண்டது. மழை ஓட்டின்மேல் தடதடவென்று இறங்கி, பிறகு அடங்கி, சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டுகிற சத்தமாக மாறியது. கதவிடுக்கு வழியாகப் பனி தரையோடு தரையாக ஊர்ந்து வந்து மேஜைக் கால்களைச் சுற்றிக்கொள்ள, மெஷினின் காற்றாடி உறுமலும் சுவரின் காப்பி நாற்றமும் ஆறிப்போன கோழிக் குழம்பின் மசாலா வாசனையும் ஒன்றாகக் கலந்து அறையை நிரப்பின.

முதல் கப்பலின் படத்தை அவன் மறுபடி பெரிதாக்கினான்.

நடைவழியின் முடிவில் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. இந்த மாதிரிப் படங்களில் கண்ணாடிக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. பார்க்கிறவனுக்கு உடம்பு கிடையாது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் கண்ணாடியில் காலி நடைவழிதான் தெரிய வேண்டும். குழந்தைவேல் அந்த ஓரத்தை இன்னும் பெரிதாக்கினான். வெறும் சதுரப் புள்ளிகள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளித் தூரத்திலிருந்து பார்த்தான்.

புள்ளிகள் சேர்ந்தன. ஒரு ஆள். இடது தோள் சரிந்து, ஒரு கை சுவரில். வாய் திறந்திருந்தது.

அடுத்த மெஷினில் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தகடுகள் வந்தன. விளக்குகள் நான்கும் வரிசையாக, அவன் வைத்த இடத்தில் வந்தன. மூன்றாவது விளக்குக்கும் நான்காவதுக்கும் நடுவே அவன் சரிசெய்யாமல் விட்ட ஒரு இருட்டுத் திட்டும் வந்தது. அதற்குக் கீழே கறுப்பாக ஏதோ தொடங்கியது.

தலைமயிர்.

முதுகைக் காட்டி நிற்கிற ஒரு தலை. கோடு கோடாக. உச்சியில் ஒரு சுழி. அதன் பக்கத்தில் இன்னொரு சுழி.

அவன் கை தானாகத் தன் உச்சந்தலைக்குப் போனது.

காதுகள் வந்தன. கழுத்து வந்தது. காலர். நீலம். கட்டம்.

சட்டையைக் கழற்றப் பார்த்தான். பொத்தான் வரவில்லை. விரல் வழுக்கியது.

"அந்தோணி."

 கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். செல்வியின் குரல் தாழ்ந்து, மந்திரம் மாதிரி ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது.

கரண்ட் போனது.

விளக்கு. காற்றாடி. உறுமல். எல்லாம் ஒரே நேரத்தில். திரை மட்டும் போகவில்லை. கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. தோள். முழங்கை.

"டே, குழந்தை." அந்தோணியின் குரல், கதவுப் பக்கமிருந்து. "ஒயர் பத்திக்கிச்சுடா. வெளிய வா. சீக்கிரம்."

ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குரல். பரீட்சையில் விடை சொன்ன குரல். கால்கள் யோசிக்கவில்லை. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஓடினான். கதவு அகலத் திறந்திருந்தது. வாசலைத் தாண்டினான்.

ஈரப் படி இருக்க வேண்டும். இல்லை.

காப்பிச் செடி வாசனை இல்லை. எந்த வாசனையும் இல்லை. மழை பின்னால் கேட்டது, கிடங்குக்குள்ளிருந்து. காலடியில் தகடு. தலைக்கு மேலே நான்கு விளக்குகள், வரிசையாக. நடுவே ஒரு இருட்டுத் திட்டு. இரண்டு பக்கமும் நடைவழி போய்க்கொண்டே இருந்தது. சுவரெல்லாம் புதுசு. யாரும் தொடாத சுத்தம்.

திரும்பினான்.

அந்தோணி வாசலுக்கு அந்தப் பக்கம், கிடங்கின் உள்ளே, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்திக்கொண்ட ஒயர் எதுவும் இல்லை. அவன் குழந்தைவேலின் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்தான். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

குழந்தைவேல் கத்தினான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"ஐயாக்கண்ணுவும் மொதல்ல இப்படித்தாண்டா வாயத் தெறந்து தெறந்து பாத்தான்," என்றான் அந்தோணி. "அப்புறம் நடக்க ஆரம்பிச்சுட்டான். நீயும் நட. கம்பெனிக்காரனுங்களுக்கு அது போதும்."

குழந்தைவேல் பாய்ந்தான். கதவு முந்திக்கொண்டது. இரண்டு உள்ளங்கைகளும் தகட்டில் போய் மோதின. மழை நின்றுபோனது. ஜெபம் நின்றுபோனது.

அந்தப் பக்கம் பூட்டு விழுந்ததை அவன் காதால் கேட்கவில்லை. கைகளில் உணர்ந்தான்.