சுண்ணாம்பான சாட்சி

அந்தோணித்திட்டு அன்று எங்கள் துளைப்பானைக் கல்லால்தான் வரவேற்றது. எனக்குப் பழகிப்போன மரியாதை. கல்லடி பலமானால் மலைமுகாமின் இயந்திரங்கள் தாமே பின்வாங்கிவிடும். ஆனால் என்னோடு வந்தது கவசம் போட்டது. என்னைப் போன்ற பழங்கடல் அளவர் என்றால் எந்தக் கரையிலும் பிடிக்காது. எனக்கும் அவர்களைப் பிடிக்காது. காப்பாற்ற வந்தவளையே கடிக்கிற கூட்டம்.

வேலை எளியது. லட்சத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பும் பூமி இப்படித்தான் காய்ந்தது. துருவப் பனி உருகிக் கடல் ஏறியது. அப்போது வளர்ந்த பவளம், கடல் இறங்கிய பிறகு நின்ற இடத்திலேயே கல்லாகிக் கிடக்கிறது. அது கிடக்கும் உயரம் வரை கடல் மறுபடி வரும். அங்கே நான் கோடு போடுவேன். கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் மலைமுகாமுக்குப் போக வேண்டும். கல் கிடைக்காவிட்டால் கோடு கிடையாது. ஊர் பத்திரம் என்று துளைப்பானே முகாமுக்கு அறிவித்துவிடும்.

மாதா கோயில் மேட்டில் எங்கே துளைத்தாலும் மணல்தான் வந்தது. பழைய படங்களில் மேடு முழுக்கப் பவளக்கல். நிமிர்ந்து ஊரைப் பார்த்தேன். எல்லா வீடும் புதுச் சுண்ணாம்பில் பளீரென்றிருந்தது.

"கல்லச் சுண்ணாம்புக் காளவாயில போட்டுச் சுட்டுட்டீங்களா?" என்றேன், ஊர்த்தலைவி ஜெபமாலையிடம்.

"ஆமா, சுட்டோம். என்னத்தப் பண்ணுவ?" என்றாள். "எம் மக ரோணிக்கத்தக் கட்டிக்குடுத்த ஊருல கோடு போட்டீக. இப்ப மலையில தகரக் கொட்டாயில கெடக்கா, கைப்பிள்ளையோட. பொறந்த ஊரு பத்திரம்னு ஆயிட்டா முகாம்லருந்து அனுப்பித்தான ஆகணும்? அவ எங்கிட்ட வரட்டும்."

"ஒரு துண்டு மிச்சமிருந்தாலும் குடுத்து, எடுத்த இடத்தக் காட்டுங்கக்கா. இப்பவே கோடு போட்டுரலாம்."

"பொடி கூட இல்ல. நீ கெளம்பு."

துளைப்பான் கூவியது: சான்று இல்லை, ஊர் பத்திரம். பெண்கள் குலவையிட்டார்கள். அந்தக் குலவையைக் கேட்கவே எனக்குக் கசந்தது.

காற்று வலுத்ததால் என்னால் கிளம்ப முடியவில்லை. ஆளைக் கழிப்பதென்றால் முகாமுக்குக் கால் தரையில் நிற்காது. மறுநாளே ரோணிக்கத்தைத் தானியங்கிப் படகில் ஏற்றிவிட்டதாகச் செய்தி வந்தது. அதற்குள் கடலும் கிளம்பியிருந்தது. தெருவை மூழ்கடித்து, வீடுகளுக்குள் புகுந்தது. சுவர்ச் சுண்ணாம்பு கரைந்து தண்ணீர் பாலாக வெளுத்தது. ஊரே கோயில் மேட்டுக்கு ஓடியது.

ஜெபமாலை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பத்திரம்னதை அழிச்சிரு! கல்லு இருந்துச்சு. இந்தா, நாம நிக்கிற இந்த இடத்துலதான் இருந்துச்சு!"

"வாயால சொன்னா செல்லாதுக்கா. கல்லு வேணும்."

முகாமின் படகு தெரிந்தது. அதற்குக் கவசம் இல்லை. முதல் நாள் எங்கள் மீது எறிந்து மேட்டில் கிடந்த கருங்கற்களை மடியில் வாரிக்கொண்டு ஜெபமாலை இடுப்பளவு நீரில் இறங்கினாள். ஒவ்வொன்றாகப் படகைக் குறிபார்த்து எறிந்தாள். "வராத! திரும்பிப் போடி!"

அம்மாவுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, ரோணிக்கம் சிரித்தபடி குழந்தையின் கையைத் தூக்கி எங்களைப் பார்த்து ஆட்டினாள்.

நான் குனிந்து ஒரு கல்லை எடுத்தேன்.