கறுத்த கண்ணாடி, வெள்ளை மெழுகு

"சார், என் மெழுகுவர்த்திதான் பியூட்டி பார்லரை எரிச்சிடுச்சுன்னு சொல்றாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு சங்கக் கூட்டம். இனிமே வீட்டுல மெழுகு உருக்கவே மாட்டேன்னு எழுதி வாங்கப் போறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான்!"

ஞாயிற்றுக்கிழமை காலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று படபடத்தாள் மூன்றாம் மாடிப் பெண். கண்ணாடி டம்ளர்களில் வாசனை மெழுகு ஊற்றி விற்பதால் அந்தக் குடியிருப்பு முழுவதும் அவளுக்கு மெழுகு அக்கா என்றே பேர்.

அவள் தேடி வந்தது சர்வேயரை. நிலம் அளக்கிற சர்வேயர் அல்ல. தீப்பிடித்த இடங்களைப் பார்த்து, தீ எங்கே தொடங்கியது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுக்கிறவர். அவருக்குப் பக்கத்தில் காபியை மறந்து உட்கார்ந்திருந்தது அவர் மனைவியின் தம்பி. ஜெராக்ஸ் கடைக்காரன், கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவதால் வீட்டில் அவனுக்கு அவசரம் என்று பட்டம்.

"பார்லர்ல இருந்தது எப்ப ஊத்தின வர்த்தி?" என்றார் சர்வேயர்.

"போன வாரம் சார்."

"அதுல மிச்சம் இருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல." பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது. அவசரத்துக்கு மூக்கு வேர்த்தது. அவள் படியிறங்கியதும், "மாமா, பொம்பள எதையோ மறைக்குது" என்றான்.

"மறைக்கலாம் மாப்ளே. எதைன்னு பார்ப்போம்."

தரைத்தளத்தில் பார்லர். உள்ளே ஈரச் சாம்பல் நாற்றம். திரைச்சீலையில் பாதி இல்லை, நிலைக்கண்ணாடி கறுத்திருந்தது, சுவரில் இருந்த மூன்று கொக்கிகளில் இரண்டில் முடி உலர்த்தும் கருவியும் சுருட்டும் கருவியும் புகை படிந்து தொங்கின. மேஜை முழுக்கக் கரி. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் சீப்பு உருகிப் பசைபோல் ஒட்டியிருந்தது. சீப்புக்கு ஒரு சாண் தள்ளி அந்தக் கண்ணாடி டம்ளர்.

"நேத்து ரெண்டு மணிக்கு நான்தான் ஏத்தினேன்" என்றாள் பார்லர்க்காரி. "மேல போய் சாப்பிட்டுட்டு இருந்தேன். மூணு மணிக்கு இவ கத்தின சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்." 'இவ' என்றது, பார்லரில் வேலை செய்யும் தங்கையை.

"எங்க வெச்சு ஏத்தினீங்க?"

பார்லர்க்காரி யோசித்தாள். "வாசல் பக்கம்... இல்ல..."

"இந்த மேஜைலதான்க்கா!" என்றாள் தங்கை.

"தீ அணைஞ்சதுக்கப்புறம் யாராவது இதைத் தொட்டீங்களா?"

"யாருமே தொடல. அப்படியே இருக்கட்டும்னு சங்கச் செயலாளர் சொல்லிட்டாரு" என்றாள் பார்லர்க்காரி.

சர்வேயர் இரண்டு விரலால் டம்ளரைத் தூக்கினார். அடிப்பாகமும் கறுப்பு. அது நின்ற இடமும் கறுப்பு. உள்ளே எட்டிப் பார்த்தார். நடுவில் கிணறுபோல ஒரு குழி. சுற்றிலும் வெள்ளை மெழுகு சுவராக நின்றது. அவசரமும் எட்டிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு புகை கக்கியிருக்கு பாருங்க மாமா!" என்றான். சர்வேயர் டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மெழுகு அக்கா வீட்டுக்குப் படியேறினார்.

மூன்றாம் மாடியில் அவசரத்துக்கு வேட்டை. சமையலறை மேஜைக்கு அடியில் கையை விட்டவன், ஓர் அட்டைப்பெட்டியை இழுத்து வந்தான். பதினோரு மெழுகுவர்த்திகள்.

"ஒண்ணுகூட இல்லன்னீங்களேக்கா! இது என்ன, முட்டை போட்டுக் குஞ்சு பொரிச்சுதா?"

மெழுகு அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கடைக்காரன் திரியை மாத்தி அனுப்பிட்டான். இந்த அகல டம்ளருக்குத் தடிமனான திரி வேணும். வந்தது நூல் மாதிரி இருந்துச்சு. திருப்பி அனுப்ப நேரமில்ல, அதையே போட்டு நாப்பது ஊத்திட்டேன். அப்புறம்தான் ஒண்ணு ஏத்திப் பார்த்தேன்..."

"பார்த்தீங்களா மாமா! கோளாறு வர்த்தி. தீ விழாம என்ன பண்ணும்?"

"அஞ்சு மணிக்குப் பெட்டியோட வாங்கம்மா" என்றார் சர்வேயர்.

சங்க அறையில் ஃபேனை நிறுத்தச் சொன்னார். பெட்டியிலிருந்து ஒன்றைச் செயலாளரையே எடுக்கச் சொல்லி, மெழுகு அக்காவைப் பற்றவைக்கச் சொன்னார்.

"அவங்க கையாலயே அடுத்த தீயா?" என்றாள் பார்லர்க்காரி.

எல்லோரும் வியர்த்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடரைச் சுற்றி ஒரு நாணய அளவுக்கு மட்டும் மெழுகு உருகியது. ஓரம் வரை போகவில்லை. குழி ஆழமானது. அதில் உருகிய மெழுகு தேங்கத் தேங்கச் சுடர் குறுகி, நீலமாகி, திரி மூழ்கி, தானே அணைந்தது. நாற்பது நிமிடம்.

"இந்தம்மா மறைச்சது இதைத்தான்" என்றார் சர்வேயர். "மெல்லிசு திரிக்கு அகல டம்ளரை உருக்கத் தெம்பு கிடையாது. ரெண்டு மணிக்கு ஏத்தினது மூணு மணிக்கு எரிஞ்சிருக்கவே முடியாது."

"ஒண்ணு மட்டும் எரிஞ்சிருக்கலாமே?" என்றார் செயலாளர்.

"சரி, எரிஞ்சுதுன்னே வைங்க. பக்கத்துல இருந்த சீப்பே உருகிடுச்சு. சீப்புக்கு முன்னாடி உருக வேண்டிய மெழுகு மட்டும் எப்படி சுவர் மாதிரி நின்னுச்சு? டம்ளர் அங்கேயே இருந்திருந்தா அதுக்கு அடியில மேஜை வட்டமா கரியில்லாம இருக்கணும். இல்ல. டம்ளரோட அடியிலயும் கரி. தீ அணைஞ்ச பிறகுதான் யாரோ அதை அங்க கொண்டுவந்து வெச்சிருக்காங்க."

அவசரத்தின் வாய் திறந்தே இருந்தது. அவனும் அதே டம்ளரைத்தான் பார்த்தான்.

"சுவர்ல மூணு கொக்கி. ரெண்டுலதான் கருவி இருக்கு. மூணாவது எங்கம்மா?"

பார்லர்க்காரி திரும்பினாள். "ஏய், முடியை நேராக்கற ஸ்ட்ரெய்ட்னர் எங்கடி?"

தங்கை முந்தானையைக் கடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். "சுவிட்சை அணைக்காம துண்டு மேல வெச்சுட்டுப் போன் பேசப் போயிட்டேன்க்கா. நீ வேலையை விட்டே துரத்திடுவேன்னு பயம். அதை ஒளிச்சிட்டு, வாசல் ஷெல்ஃப்ல அணைஞ்சு கிடந்த வர்த்தியைக் கொண்டுவந்து வெச்சேன்."

"துரத்துறதா? வீட்டுக்கு வாடி, பேசிக்கறேன்!" என்றாள் பார்லர்க்காரி. ஆனால் குரலில் பாதிதான் கோபம்.

செயலாளர் கையெழுத்து வாங்க வைத்திருந்த தாளைக் கிழித்தார். "மெழுகு அக்கா, நீங்க தாராளமா வேலையைப் பாருங்க."

அவள் முகம் மலரவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அணைந்த திரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து, வர்த்தி வாங்கியவர்களில் முதல் ஆளின் எண்ணை அழுத்தினாள். அறை அமைதியாக இருந்ததால் மறுமுனை எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, மெழுகு அக்கா பேசுறேன். நீங்க வாங்கின வர்த்தில திரி சரியில்ல, தானா அணைஞ்சிடும். என் தப்புதான். கொண்டு வாங்க, புதுசு ஊத்தித் தர்றேன்."

"அடப்பாவமே!" என்றது போன். "என் வீட்டுக்காரர்தான் ஊதி அணைச்சிட்டு இல்லேங்கிறார்னு மூணு நாளா அவரோட பேசாம இருக்கேனேம்மா!"