ஈரம் தங்காத போர்வை

நீர் சொட்டச் சொட்டத்தான் அந்தக் கம்பளிப் போர்வையைக் கிழவரின் தோள்மேல் போட்டுவிட்டுப் போனாள் கிளெனிஸ். கூடத்தை ஒரு சுற்று வந்து, கதவிடுக்குகளில் ஈரத்துண்டுகளைத் திணித்துவிட்டுத் திரும்பியபோது போர்வை மொடமொடவென்று காய்ந்திருந்தது.

வெயில் எங்கும் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்ததுமே வானம் சிவந்து, பிறகு அடுப்புக்கரி நிறத்துக்குப் போய்விட்டது. காட்டுத்தீக்குப் பயந்து ஊரில் பாதிப் பேர் கால்பந்து கிளப்பின் கூடத்துக்குள் அடைந்து கிடந்தார்கள். மின்சாரம் போய்விட்டிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் புகை மெல்ல நீந்த, எரியும் யூகலிப்டஸ் எண்ணெயின் நெடியும், நனைந்த நாய்களின் வாடையும், யாரோ குழந்தைக்கு உரித்துக்கொடுத்த ஆரஞ்சின் மணமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் ஒட்டின. தகரக்கூரைமேல் கங்குகள் விழுந்து உருளும் சத்தம் ஓயாமல் கேட்டது. சனிக்கிழமைகளில் இதே கூடத்தின் ஜன்னல் வழியே இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் விற்பவள் கிளெனிஸ். தீ வந்தால் தொண்டு செய்ய முதலில் வந்து நிற்பவளும் அவள்தான்.

“அதே ஆளுக்கு மறுபடியுமா?” என்றாள் ரெய்லீன், அவளோடு சேர்ந்து தண்ணீர் சுமந்துகொண்டிருந்தவள். “உன் வீட்டுக்காரருக்குக்கூட இவ்வளவு பணிவிடை பண்ணியிருக்க மாட்டே.”

“பண்ணியிருந்தா அந்த ஆள் ஓடியிருப்பானா? வாளியைக் கொடுடி.”

ரெய்லீன் சிரித்தாள். கிளெனிஸும் சிரிக்கப் பார்த்தாள். தண்ணீரை ஊற்றியதும் போர்வையிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. ஈரத்துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் வரும் வாசனை.

“எங்கேருந்து வர்றீங்க ஐயா?”

“மலைக்கு அந்தப் பக்கம். நடந்தே வந்தேன்மா.”

அந்தப் பக்கம் நேற்றே எரிந்து முடிந்துவிட்டது. உள்ளே வந்த எல்லோருடைய முடியிலும் இமையிலும் சாம்பல் படிந்திருந்தது. இவர்மேல் ஒரு துகள்கூட இல்லை. காலணிகள்கூடச் சுத்தமாக இருந்தன. பக்கத்து மெத்தைக்காரரின் நாய், கயிறு கழுத்தை இறுக்க இறுக்க, எதிர்ச்சுவருக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருந்தது. மெத்தைக்காரரும் அதன் பின்னாலேயே போய்விட்டார். நெருக்கியடித்துக் கிடந்த அந்தக் கூடத்தில், கிழவரைச் சுற்றி மட்டும் வெறுந்தரை. ஏன் நகர்ந்தோம் என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

தீயணைப்புக் குழுத் தலைவர் வார்விக் கரிபடிந்த முகத்தோடு உள்ளே வந்து அவளை ஓரமாக இழுத்தார்.

“காத்து வடக்குப் பக்கமா அடிக்குது கிளெனிஸ். தீயும் அந்தப் பக்கம்தானே போகணும்? போகல. காத்துக்கு எதிரா, நேரா நம்ம ஹாலைப் பாத்து வருது. இத்தனை வருஷத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல.” அவர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். “எல்லாரையும் தரையோட தரையா படுக்கச் சொல்லு. கதவை யாரும் திறக்கக்கூடாது.”

சரக்கு ரயில் வருவதுபோல ஓசை தொடங்கியது. முதலில் தரையில். பிறகு பற்களில். ஜன்னல்கள் ஆரஞ்சு நிறமாயின. குழந்தைகள் அழுவதை நிறுத்திவிட்டார்கள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தொட்டியில் தண்ணீர் வற்றிவிட்டது. மிஞ்சியது ஒரு வாளி.

அதைத் தூக்கிக்கொண்டு அவள் கிழவரிடம் போனாள்.

“வேண்டாம்மா,” என்றார். “அது என்னைத் தேடித்தான் வருது. வெளியே கொண்டுபோய் விட்டுடு. தனியா போகப் பயமா இருக்கு. கதவு வரைக்கும் கையைப் பிடிச்சுக்கோ.”

எவரையும் வெளியே அனுப்பாதே. தொண்டர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே அதுதான். அவள் கூடத்தைப் பார்த்தாள். போர்வைகளுக்கு அடியில் சின்னச் சின்னப் பாதங்கள். ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது.

கையைப் பிடித்தாள்.

சுடவில்லை. குளிர்ந்திருந்தது. போர்வையைக் காயவைத்த சூடு அந்தக் கையில் இல்லை.

சமையலறை வழியே பின்கதவு. திறந்ததும் வெப்பம் முகத்தில் அறைந்தது. மைதானத்தின் விளிம்பில் தீச்சுவர், மரங்களைவிட உயரமாய்.

“மன்னிச்சுக்கம்மா,” என்று சொல்லிவிட்டு அவர் கையை விட்டார்.

நடந்தார். தீ குனிந்தது. அவரை மூடியது. பிறகு மலைப்பக்கமாகத் திரும்பி, ஏறி, போய்விட்டது.

“திரும்பிடுச்சு! போயிடுச்சு!” வார்விக் கத்தினார். கூடமே அழுதது, சிரித்தது. ரெய்லீன் சமையலறைக்குள் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். சட்டென்று விலகினாள்.

“ஏய், என்னடி இப்படிக் கொதிக்குது உனக்கு?”

“ஒண்ணுமில்ல. வெப்பத்துல நின்னேன்ல. நீ போய்ப் பிள்ளைங்களைப் பாரு.”

ரெய்லீன் தயங்கித் தயங்கிப் போனாள். கூடத்துக் கதவோரம் நின்ற அந்த மெத்தைக்காரரின் நாய் கிளெனிஸைப் பார்த்து உறுமியது. பின்வாங்கியது.

கூடவே தூக்கி வந்திருந்த கடைசி வாளி பின்கதவருகே இருந்தது. அதற்குள் கையை விட்டாள். விரல்களைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குமிழிகள். பிறகு பெரியவை. வலிக்கவில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

தூரத்து மலையில் தீ நின்றுவிட்டிருந்தது. ஒரு இலைகூட அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, மெதுவாக, மலை நீளத்துக்கும் அது இந்தப் பக்கம் திரும்பியது.