இன்னும் வராத நாலு ஐம்பது

காலை 11.05. சேலையூர் மருந்துக் கிடங்கின் குளிரறையில் இருந்த தடுப்பூசிகள் அத்தனையும் பாழ். நேற்று யாரோ கதவை இரண்டு மணி நேரம் திறந்து போட்டுவிட்டார்கள். யார் என்று சுவரில் இருந்த திரையே சொல்லிவிட்டதாம்: வெப்பக் கோடு ஏறத் தொடங்கியது பிற்பகல் 2.40. இரண்டு மணி முதல் ஆஃபியாவின் ஷிப்டு. முதலாளி கேசவன் அவளிடம் ராஜினாமா எழுதக் காகிதத்தையே நீட்டிவிட்டார். அட, விசாரிக்கவாவது வேண்டாமா!

நல்லவேளை, கிடங்கின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் அமலராணி மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து சேர்ந்தாள்.

"நான் கதவைத் தொடவே இல்லக்கா," என்றாள் ஆஃபியா.

"காலை ஷிப்டு யாரு?"

"நான்தான்," என்றாள் ஷீலா. "ரெண்டு மணி வரைக்கும் எல்லாம் ஓகே. புது சூப்பர்வைசரம்மாவைத்தான் கேக்கணும்."

ஷீலாவுக்கு இங்கே ஆறு வருடம். ஆஃபியாவுக்கு இரண்டு. சூப்பர்வைசர் பதவி போன வாரம் ஆஃபியாவுக்குப் போனது. எரியாதா பின்னே?

11.20. இங்கே எல்லோரும் திரையில் 'கடைசி 24 மணி நேரம்' மட்டுமே பார்ப்பார்கள். அமலராணி அதை 'இன்று முழுவதும்' என்று மாற்றினாள். குளிரறையின் மின்சார அளவைக் காட்டும் கோடு இப்போதைய 11.20இல் நின்றது. வெப்பக் கோடு மட்டும் மாலை 4.50 வரை ஓடியது.

"சார், சாயங்காலம் நாலு அம்பது இன்னும் வரவே இல்ல. அப்ப எவ்ளோ சூடுன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

கேசவன் திரைக்கு அருகே வந்து பார்த்தார்.

அமலராணி அந்தக் கோட்டின் குவெரியை, அதாவது டேட்டாபேஸிலிருந்து தகவலை எடுத்துவரும் கட்டளையைத் திறந்தாள். மற்ற கோடுகளில் மேக்ரோ இருந்தது. நாம் தேர்ந்தெடுக்கும் நேரத்தைத் தானே சரியாக எடுத்துக்கொள்ளும் குறுக்குவழி அது. இதில் மட்டும் மேக்ரோவைத் தூக்கிவிட்டு, யாரோ கையால் ஐந்தரை மணி நேரம் கூட்டியிருந்தார்கள்.

"டேட்டாபேஸ் லண்டன் டைம்ல இருக்கும். நம்ம டைமுக்குக் கூட்டணும்ல?" என்று ஷீலா முந்திக்கொண்டாள். அவளை யாரும் கேட்கவில்லை.

"அதைத் திரையே கூட்டிடுது ஷீலா. இது ரெண்டாவது தடவை. அஞ்சரையைக் கழிச்சா, கதவு தெறந்தது காலைல 9.10. உங்க ஷிப்டு."

"அதுக்கு? எல்லாரும் ஒரே பாஸ்வேர்டுதானே போடறோம்!"

"ஆனா சேவ் பண்ண நேரம் பதிவாகி இருக்கே. நேத்து காலைல 11.30. அப்ப இங்க நீங்க ஒருத்தர்தான். நீங்கதான் மாத்தினீங்க."

ஷீலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "கதவை மறந்துட்டேன். அது நிஜமாவே மறதிதான்."

ஆஃபியா அவளையே பார்த்தாள். "நேத்து போன் பண்ணி, குவெரில மணியைக் கூட்டறது எப்படின்னு கேட்டீங்களேக்கா. இதுக்கா?"

"ஆமா. அதுவரைக்கும் சேவ் பண்ணலாமா வேணாமான்னுதான் இருந்தேன்." ஷீலா நிமிரவில்லை. "நீ எதுக்குன்னுகூடக் கேக்கல. எனக்கு ஆறு வருஷமா வராததை ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டு, 'வேற ஏதாவது வேணுமாக்கா'ன்னு கேட்டே. வயிறு எரிஞ்சுதுடி. போனை வெச்சதும் சேவ் பண்ணிட்டேன்."